கிளட்ச் இல்லாத யெஸ்டி

யெஸ்டி ஓட்டினவங்க யார்கிட்ட பேச்சுக் கொடுத்தாலும் முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுவாங்க. ஒண்ணு, அந்தச் சத்தம். ஒத்தை சிலிண்டருக்கு ரெண்டு சைலன்சர். வண்டி தெருமுனை திரும்பறப்பவே வீட்டுல தோசைக்கல்லை அடுப்புல ஏத்திடுவாங்க. ரெண்டாவது, கிக்கரும் கியர் லீவரும் ஒண்ணுதான்ங்கறது. இடது பக்கம் இருக்கற கியர் லீவரை அழுத்தி, தூக்கி நிமிர்த்தினா அது கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் மடிச்சு விட்டா மறுபடி கியர். விவரம் தெரியாதவங்க வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து கிக்கரைத் தேடறதை வேடிக்கை பார்க்கறது யெஸ்டிக்காரங்களோட பரம்பரைப் பொழுதுபோக்கு :-)

மூணாவதா ஒரு விஷயம் இருக்கு. அதைப் பத்திப் பேசறவங்க கம்மி. ஒரு வருசத்துக்கு மேல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா வண்டியைப் பிரிச்சு மாட்டின பிறகுதான் எனக்கு அது புரிஞ்சுது. அதுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஸ்பேனர், நட்டுன்னாலே அலர்ஜிங்கறவங்க நடுவுல சில பாராக்களைத் தாண்டிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

முதல்ல வண்டியோட ஜாதகம். யெஸ்டி ரோட்கிங், 1985ல வாங்கினது. 250 சிசி டூ ஸ்ட்ரோக், 16 குதிரைசக்தி, நாலு கியர். மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி செஞ்ச வண்டி. செக்கோஸ்லோவாகியாவோட ஜாவா வண்டிகளை உரிமம் வாங்கி அங்கே 1961ல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் அதே வம்சம் யெஸ்டிங்கற பேர்ல தொடர்ந்தது. ரோட்கிங் வந்தது 1978ல. எண்பதுகளின் நடுவுல ஜப்பான் கூட்டணியோட 100 சிசி வண்டிகள் வரிசையா இறங்கினப்ப, மைலேஜ் கணக்குல யெஸ்டியால நிக்க முடியலை. 1996ல மைசூர் ஆலை மூடினாங்க. 2022 ஜனவரியில யெஸ்டிங்கற பேர் திரும்ப வந்தது. ஆனா இது தண்ணியில குளிரற ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். பேர் மட்டும்தான் சொந்தம்.

எங்க வண்டி பெரியப்பாவோடது. பெருந்துறை பக்கம் கிராமம். பெரியப்பா மோட்டார் காயில் கட்டறவர். கிணத்து மோட்டார் புகைஞ்சு போச்சுன்னா காடு காடாப் போய்க் கழட்டிக்கிட்டு வந்து, ராத்திரியோட ராத்திரியா காயில் சுத்தி, விடியறதுக்குள்ள கொண்டு போய் மாட்டணும். வெயில் காலத்துல ரெண்டு நாள் தண்ணி பாயலைன்னா மஞ்சளும் வாழையும் என்ன ஆகும்னு விவசாயக் குடும்பத்துல பொறந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால பெரியப்பாவுக்கு நேரம் காலம் கிடையாது. அவருக்கும் அந்த வண்டிக்கும்.

2005 வாக்குல வண்டி ஓட்டறதை நிறுத்திட்டார். 2009ல இறந்துட்டார். வண்டி மாட்டுக்கொட்டகையில ஒரு மூலையில், மேல சாக்கு, அதுக்கு மேல சோளத்தட்டுன்னு கிடந்தது. 2023 பொங்கலுக்குப் போனப்ப கொட்டகையை இடிச்சுட்டு அங்கே அண்ணனுக்கு வீடு கட்டப் போறதாப் பேச்சு. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து 4,500 ரூபாய்க்குக் கேட்டுட்டுப் போயிருந்தார். பெரியம்மா ஆமாம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. நான் எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். "கொண்டு போய்க்கோ கண்ணு. ஓடுனா ஓடட்டும். எடைக்குப் போட மட்டும் மனசு வரமாட்டீங்குது"ன்னாங்க.

டாடா ஏஸ் பிடிச்சு கோயமுத்தூர் கொண்டு வந்து வாடகை வீட்டுக் கார் ஷெட்டுல இறக்கினேன். (கார் இல்லை, ஷெட் மட்டும் உண்டு.) நான் இன்ஜினியரிங் படிச்சவன்தான். ஆனா படிச்சது எலக்ட்ரானிக்ஸ், பிழைப்பு பொட்டி தட்டறது. ஸ்பேனருக்கும் எனக்கும் அதுவரைக்கும் அறிமுகமே இல்லை. ஹவுஸ் ஓனர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எதுல மரை கழண்டிருக்குன்னு அவருக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு உதவும்னு கருவிப் பட்டியல். ரிங் ஸ்பேனர் செட், டி ஸ்பேனர், சர்க்ளிப் பிளையர், ஃபீலர் கேஜ், சுத்தியால தட்டினா திரும்பற இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர், கிளட்ச் கழட்ட யெஸ்டிக்குன்னு இருக்கற புல்லர். கடைசி ரெண்டும் இல்லாம இறங்காதீங்க. இருபது வருசமா இறுகிக் கிடக்கற ஸ்க்ரூ சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அசையாது, தலை தேஞ்சு வழுக்கிடும். அப்புறம் அதை எடுக்க லேத்துக்குத்தான் போகணும். ரொம்ப முக்கியமானது, பாலிதீன் கவரும் மார்க்கர் பேனாவும். கழட்டின ஒவ்வொண்ணும் ஒரு கவர்ல, மேல பேர். கழட்டறதுக்கு முன்னாடி மூணு கோணத்துல போட்டோ.

இதுக்கு மேல ஒரு குரு வேணுமில்லையா? சிங்காநல்லூர் பக்கம் ஒருத்தர், எழுபது தாண்டினவர், வாழ்க்கை முழுக்க ஜாவா யெஸ்டி மட்டுமே பார்த்தவர். போய்க் கேட்டேன். "கை நடுங்குது தம்பி, நான் தொட மாட்டேன். நீ தொடு, நான் சொல்றேன்"னார். ஞாயித்துக்கிழமை காலையில அவரைக் கூட்டிட்டு வந்து பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வச்சா, மத்தியானம் வரைக்கும் ஸ்கூல் நடக்கும்.

முதல் பிரச்சினை, இன்ஜின் ஜாம். பதினெட்டு வருசம் நின்ன பிஸ்டன், ரிங்கோட சேர்ந்து சிலிண்டர்ல துருப்பிடிச்சு ஒட்டியிருந்தது. கிக்கரை மிதிச்சா கல்லை மிதிச்ச மாதிரி இருந்தது. ஐயா மிதிக்கக் கூடாதுன்னுட்டார். பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா டீசலும் டூ டி ஆயிலும் கலந்து ஊத்தி ஒரு வாரம் ஊற விட்டோம். அப்புறம் டாப் கியர்ல போட்டு, பின் சக்கரத்தைக் கையால முன்னும் பின்னும் இம்மி இம்மியா ஆட்டணும். கிக்கர்ல கொடுக்கற பலம் முரட்டுத்தனமானது, சக்கரத்துல கொடுக்கறது பக்குவமானது. மூணாவது ஞாயித்துக்கிழமை ஒரு விரல்கடை அசைஞ்சது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தா உள்ளே துருப் பள்ளம். லேத்துல கொடுத்து போரிங் பண்ணி, அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டோம். கம்பெனி மூடி இத்தனை வருசம் ஆச்சே, பிஸ்டன் எங்கே கிடைக்கும்னு பயந்தேன். கிடைக்குது. யெஸ்டிக்கு இன்னும் பிஸ்டன், பேக்கிங், கேபிள், ரப்பர்னு செஞ்சு வித்துக்கிட்டே இருக்காங்க. தரம்தான் கடைக்குக் கடை வேற. உக்கடம் பழைய இரும்புக் கடைகள்ல அதிர்ஷ்டம் இருந்தா மைசூர் ஒரிஜினலே ஆப்புடும். பேரம் பேசறப்ப மட்டும் யெஸ்டிக்குன்னு வாயைத் திறந்துடாதீங்க, விலை ரெட்டிப்பாயிடும்.

அடுத்தது ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பெட்ரோலும் காத்தும் நேரா சிலிண்டருக்குப் போகாது. முதல்ல கீழே கிராங்க் அறைக்குள்ள வரும். பிஸ்டன் கீழே இறங்கறப்ப அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழியா மேலே ஏறும். அதனால அந்த அறை காத்துப் புகாம இருக்கணும். அதுக்குக் காவல் கிராங்க்கோட ரெண்டு பக்கமும் இருக்கற ரப்பர் சீல்தான். பாயின்ட் பக்கத்து சீல் போனா வெளிக்காத்து புகுந்து, இன்ஜின் காரணமே இல்லாம கத்தும், சூடேறும். கிளட்ச் பக்கத்து சீல் போனா கியர் ஆயிலையும் உறிஞ்சி எரிச்சு ஊரே புகையாகும். எங்க வண்டியில ரெண்டும் அப்பளம் மாதிரி இருந்தது. ரெண்டும் மாத்தினோம்.

டேங்க் உள்ளே துரு. மளிகைக்கடை எலுமிச்சை உப்பை வெந்நீர்ல கரைச்சு ஊத்தி ரெண்டு நாள் வச்சிருந்து, கொட்டிட்டு, ஆப்ப சோடாத் தண்ணியில அலசி, உடனே காய வச்சு, உள்ளே எண்ணெய் ஓட விட்டோம். அந்த உடனேதான் முக்கியம். ஈரத்தோட அரை நாள் விட்டா புதுத் துரு வந்துடும். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம். அது பழைய ரப்பருக்கு ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். அதனால பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ரப்பர் எல்லாத்தையும் மாத்தியாச்சு. லிட்டருக்கு 40 மில்லி டூ டி ஆயில் கலந்து ஊத்தறோம். வண்டியை மாசக்கணக்குல நிறுத்தறதா இருந்தா டேங்கைக் காலி பண்ணிடணும்.

இனி அந்த மூணாவது விஷயம்.

கழட்டினது எல்லாத்துக்கும் ஒரு எக்ஸெல் ஷீட் வச்சிருந்தேன். என்ன, எங்கே இருந்தது, எதுக்கு. மூணாவது கட்டத்துல கேள்விக்குறி விழுந்த சாமான்கள் சில இருந்தது. அதுல பெரிய கேள்விக்குறி, ஹேண்டில்பார்ல இடது கை லீவர். எல்லா வண்டியிலயும் அது கிளட்ச். இதுல அந்த லீவர்ல இருந்து கிளம்பற கேபிள் இன்ஜின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம, டேங்குக்கு அடியில புகுந்து, சீட்டுக்குக் கீழே ஓடி, பின் சக்கர பிரேக்குக்குப் போச்சு. பிரேக் ஆர்ம்ல ஒரு சின்ன இரும்புத் துண்டு வெல்டிங் பண்ணி, இன்னொரு துளை போட்டு அதுல மாட்டியிருந்தது. கால் பிரேக்கும் தனியா ஒழுங்கா இருந்தது. ரெண்டும் ஒரே பிரேக்கை இழுக்குது. கிளட்ச் கேபிளைக் காணவே காணோம். அது இன்ஜினுக்குள்ள போக வேண்டிய ஓட்டையில டியூப் ரப்பரை வெட்டி அடைச்சிருந்தது.

யெஸ்டி பைத்தியம் பிடிச்ச நண்பர் ஒருத்தர், ஜூலை ரெண்டாவது ஞாயிறு பெங்களூர்ல நடக்கற ஜாவா தினத்துக்குத் தவறாம போறவர், வந்து பார்த்தார். "எவனோ லோக்கல்ல கைவேலை காட்டியிருக்கான் பாஸ். வெட்டி எறிஞ்சுட்டு ஸ்டாக் போடுங்க. கேபிள் இருநூறு ரூபாய்கூட ஆகாது"ன்னார். புதுக் கிளட்ச் கேபிள் அடுத்த வாரமே வாங்கி டப்பாவுல வச்சுட்டேன். ஆனா கிரைண்டர் வச்சு அந்த வெல்டிங்கை அறுக்கக் கை வரலை. ஆபீஸ்ல பழைய கோடு பார்க்கறவங்களுக்கு இருக்கற பழக்கம்தான். எதுக்கு இருக்குன்னு தெரியாத வரியை, தெரியற வரைக்கும் அழிக்கறதில்லை.

அதுக்கப்புறம் கிளட்சைப் பிரிக்கற நாள் வந்தது. பெட்டி மூடியைக் கழட்டினப்ப ஐயா, கியர் லீவரைக் கையால மெதுவா அசைச்சுக்கிட்டே உள்ளே பாருன்னார். பார்த்தேன். கியர் மாறறதுக்கு முன்னாடியே, லீவரோட தண்டு திரும்பற திரும்பல்ல ஒரு கேம் எழும்பி கிளட்சைத் தள்ளி விடுவிக்குது. லீவரை விட்டா கிளட்ச் திரும்பப் பிடிக்குது. கையே வேண்டாம். "அரை ஆட்டோமேட்டிக் தம்பி. கையில கிளட்ச் கொடுத்தாங்க, ஆனா கால்லயே எல்லாம் முடியும். நின்ன எடத்துல இருந்து எடுக்கறதுக்குக்கூட, கியர் போட்டு காலை எடுக்காம வச்சிருந்து, ஆக்சிலேட்டர் கொடுத்துக்கிட்டே காலை மெல்ல விட்டா வண்டி நகரும்"னார்.

ஆக, கிளட்ச் லீவர் இல்லாமலே இந்த வண்டியை ஓட்டலாம். சரி, அதுக்காக எதுக்கு ஒருத்தர் அதைப் பிடுங்கி பிரேக்குக்குக் கொடுக்கணும்?

பதில் ஷெட் மூலையில ரெண்டு கவர்ல இருந்தது. கால் வைக்கற ஃபுட்ரெஸ்ட் ரப்பர் ரெண்டு. இடது பக்கத்து ரப்பர் தேஞ்சு உள்ளே இரும்பு தெரிஞ்சுது. வலது பக்கத்து ரப்பர்ல வார்ப்புக் கோடுகூட அழியலை. இருபது வருசம் ஓடின வண்டியில, நேத்து கடையில வாங்கின மாதிரி. பிரேக் பெடலை எடுத்துப் பார்த்தேன். கால் வழுக்காம இருக்கப் போட்டிருக்கற பல்லு அப்படியே கூரா இருந்தது. யாரும் அதை மிதிச்சதே இல்லை.

பெரியப்பா நொண்டி நடப்பார். அது எனக்குத் தெரியும். சின்னக் குழந்தையில இருந்து பார்த்ததால அது அவரோட நடை, அவ்வளவுதான், காரணம் கேட்கத் தோணினதில்லை. அன்னிக்கு ராத்திரி பெரியம்மாவுக்கு போன் பண்ணினேன்.

"ஆமாங்கண்ணு. மூணு வயசுல காய்ச்ச வந்து வலக்காலு சூம்பிப் போச்சாம். நிக்கறதுக்கு ஆகும், மிதிக்க சத்துப் பத்தாது. வண்டி வாங்கறேன்னப்ப எல்லாருமே சத்தம் போட்டாங்க. எங்கப்பா சைக்கிளே ஓட்ட மாட்டாரு மாப்பளைன்னு சொன்னாரு. அவிய யாருகிட்டயும் ஒண்ணும் பேசல. ஈரோடு போயி ஒவ்வொரு கடையா, ஒவ்வொரு வண்டியா ஏறி உக்காந்து பார்த்தாங்களாம். இந்த வண்டிக்குத்தான் உதைக்கறதும் இடக்காலு, கியரும் இடக்காலு, கையில இருக்கறது சும்மாதான் இருக்குதுன்னு வந்து சொன்னாங்க. வாங்குன மாசமே பட்டறையில உக்காந்து அவியளே பிரேக்கைக் கைக்கு மாத்திக்கிட்டாங்க."

போனை வச்சுட்டு ஷெட்டுக்குப் போய் வண்டியைத் திரும்பப் பார்த்தேன். அவர் அதை வாங்கினது சத்தத்துக்காகவோ ஸ்டைலுக்காகவோ இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சீட்டுல உட்கார்ந்தபடியே நல்ல காலால உதைக்கலாம். நல்ல காலால கியர் மாத்தலாம். சும்மா இருக்கற இடது கைக்கு ஒரு வேலை கொடுத்தா வலது காலுக்கு வேலையே இல்லை. ஒருத்தர் ஷோரூம்ல உட்கார்ந்து, தன் உடம்பையும் இந்த மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இதைக் கணக்குப் போட்டிருக்கார். அவர் படிச்சது எட்டாம் வகுப்பு.

அந்தக் காலத்துல அவருக்கு வேற என்ன வழி இருந்தது? கையால சுத்தற மூணு சக்கர சைக்கிள் இருந்தது. அதுல காட்டுக்குள்ள மோட்டார் கழட்டப் போக முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல ஊனமுற்றோருக்கான வண்டிக்கு ஒரு விளக்கம் இருந்தது. அதன்படி வண்டி அவங்களுக்காகவே தனியா வடிவமைச்சுக் கட்டினதா இருக்கணும், வெறுமனே மாத்தியமைச்சதா இருக்கக் கூடாது. அதாவது பெரியப்பா பண்ணின வேலைக்கு அந்த விளக்கத்துல இடமே இல்லை. 2019ல சட்டத்தைத் திருத்தினப்பதான் அந்தச் சொல்லையே எடுத்துட்டு, மாத்தியமைச்ச வண்டிகளையும் சேர்த்தாங்க. பல்ஸ் போலியோ 1995ல ஆரம்பிச்சது. இந்தியாவோட கடைசி போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில, மேற்கு வங்காளத்துல. 2014 மார்ச்ல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் கிடைச்சது. என் வயசுக்காரங்களுக்கு அது காலண்டர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, வாயில ரெண்டு சொட்டு. எங்க ஷெட்டுல அது ஒரு தேயாத ரப்பர்.

இப்ப கேள்வி, ரெஸ்டோர் பண்றதுன்னா எந்த நாளுக்குத் திருப்பறது? நண்பர் சொன்னது ஷோரூம்ல இருந்து வெளியே வந்த நாளுக்கு. அதுல தப்பில்லை. மைசூர்ல இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே ஒரு வண்டியாவது இருக்கணும்னு நினைக்கறவங்க இல்லைன்னா, அடுத்த தலைமுறைக்கு ஒரிஜினல் எதுன்னே தெரியாது. ஆனா அந்த மாதிரி பளபளக்கற ரோட்கிங் நாட்டுல நூத்துக்கணக்குல இருக்கும். ஷோரூம்ல இருந்து வந்த முதல் மாசம் இதுவும் அதுல ஒண்ணா இருந்தது. ரெண்டாவது மாசத்துல இருந்து இது ஒண்ணே ஒண்ணு. 1985க்குத் திருப்பினா எனக்கு ஒரு யெஸ்டி கிடைக்கும், பெரியப்பா போயிடுவார்.

அதனால ஒரு கோடு போட்டுக்கிட்டோம். ஓடறதுக்கும் நிக்கறதுக்கும் உயிர் போகாம இருக்கறதுக்கும் எது தேவையோ அது எல்லாம் புதுசு. பிஸ்டன், பேரிங், சீல், டயர், பிரேக் லைனிங், ஒயரிங். கண்ணுக்கு அழகா இருக்கறதுக்கு மட்டும்னா தொடறதில்லை. டேங்க் பெயின்ட் அப்படியே, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சதோட சரி. பின்னாடி மோட்டார் கட்டிக்கிட்டுப் போக அவர் வெல்டிங் வச்ச கேரியர் அப்படியே. இடது கை பிரேக் அப்படியே.

அப்படியேன்னாலும் பழைய கேபிளை நம்பி ஓட்ட முடியாது, இழைஇழையாப் பிரிஞ்சிருந்தது. கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் நீளக் கேபிள் எந்த வண்டிக்கும் கடையில தொங்காது. கேபிள் கட்டித் தர்ற ஒரு பெரியவர்கிட்ட பழசைக் கொடுத்தேன். அதே அளவுக்கு வெட்டி, முனையில நிப்பிள் வச்சு ஈயம் ஊத்திக் கொடுத்தார். வெல்டிங் பிடிச்ச துண்டையும் லேத் அண்ணன்கிட்ட காட்டி விரிசல் இருக்கான்னு பார்க்கச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது யாரு பண்ணுனதுங்க? ஒயர் இழுக்கற கோணம் கரெக்டா இருக்குது. சும்மா வெச்சு ஒட்டலீங்க, அளந்து பண்ணியிருக்காங்க"ன்னார். காசு வாங்க மாட்டேன்னுட்டார்.

பாயின்ட் கேப் 0.4 மில்லிமீட்டர் வச்சு, டைமிங்கை ஐயா பழைய முறையில பார்க்கச் சொன்னார். பாயின்ட்டுக்கு நடுவுல மெல்லிசான சிகரெட் தாளைச் செருகி, இன்ஜினை மெதுவாச் சுத்திக்கிட்டே தாளை லேசா இழுக்கணும். தாள் எந்த இடத்துல வழுக்கிக்கிட்டு வருதோ அதுதான் பாயின்ட் திறக்கற இடம். அந்த நேரம் பிஸ்டன் மேல்முனைக்கு எவ்வளவு கீழே நிக்குதுன்னு பிளக் ஓட்டை வழியா அளக்கணும். மூணு தடவை பார்த்து சரி பண்ணி, பதினாலாவது உதையில புகையோட ஒரு வெடி. பதினஞ்சாவதுல நின்னு ஓடிச்சு. ஹவுஸ் ஓனர் மாடியில இருந்து எட்டிப் பார்த்தார். திட்டப் போறார்னு நினைச்சா, "எங்கப்பாகிட்ட ஜாவா இருந்துச்சு தம்பி"ன்னுட்டு இறங்கி வந்து அரை மணி நேரம் நின்னார்.

காகித வேலையும் உண்டு, அதைச் சொல்லாம விட்டா பாதிக் கதைதான். உரிமையாளர் இறந்துட்டா வாரிசு பேருக்கு மாத்த ஃபாரம் 31, காலாவதியான ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஃபாரம் 25. டூவீலர் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 300ல இருந்து 1,000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வருசம் தாண்டின டூவீலருக்கு 2,000 ஆக்கினாங்க. என் பேருக்கு மாத்தலை. பெரியம்மா பேருக்கு மாத்தினோம். அறுபத்தெட்டு வயசுல யெஸ்டி ஓனர் ஆனது குறித்து அவங்க ஊர்ல அலட்டிக்கறதைத் தாங்க முடியலைன்னு அண்ணன் புலம்பறான் :-) பரிசோதனையில இடது லீவர் எதுக்குன்னு ஆய்வாளர் கேட்டார். சொன்னேன். கால் பிரேக்கை அழுத்திப் பார்த்தார், கை பிரேக்கைப் பிடிச்சுப் பார்த்தார், லீவரை ஒரு நிமிஷம் பார்த்துட்டு எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் முடிஞ்சு ஓட்டலாம்னு ஏறி உட்கார்ந்தா, எனக்கு ஓட்டத் தெரியலை. பத்து வருசமா பைக் ஓட்டற கைக்கு, கியர் மாத்தறப்ப இடது லீவரைப் பிடிக்கறது அனிச்சை. இங்கே அது பிரேக். ரெண்டாவது கியருக்கு மாத்தலாம்னு போனா பின் சக்கரம் கிறீச்சுன்னு பூட்டிக்குது. காலி மைதானத்துல மூணு வாரம் பழகினேன். இடது கையை எதுவும் செய்யாம சும்மா வச்சிருக்கறது எவ்வளவு கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நிறுத்தறப்ப வலது கால் தானாப் பெடலைத் தேடிக்கிட்டுப் போகும், அதையும் அடக்கி, கையால பிடிக்கணும். ஒரு கட்டத்துல வலது காலை முழுசா மறந்துட்டு, இடது கால்லயே எடுத்து, மாத்தி, நிறுத்தி, இடது பக்கமே காலை ஊன்ற ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் முரண்டு பிடிச்ச வண்டி அதுக்கப்புறம் வெண்ணெய் மாதிரி போச்சு. வேற ஒருத்தரோட உடம்புக்குத் தச்ச சட்டை அது. போட்டுக்கணும்னா நாமதான் அந்த உடம்பு மாதிரி நிக்கணும்.

கிளட்ச் கேபிள் இன்னும் டப்பாவுலதான் இருக்கு. ஓட்டையும் அங்கேயே இருக்கு. எப்ப வேணாலும் யார் வேணாலும் மாட்டிக்கலாம், எதையும் அறுக்கலை. தை மாசம் ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும். அவினாசி வழியா எண்பது கிலோமீட்டர் பக்கம் வரும், நடுவுல ரெண்டு டீ.

மொத்தச் செலவு 46,300 ரூபாய். இதுல ஐயாவுக்குக் கொடுத்தது ஒண்ணுமில்லை, வாங்கவே மாட்டேங்கறார். வாராவாரம் அன்னபூர்ணா சாம்பார் இட்லியோட கணக்கு நேர் பண்றேன்.

ஒரு உதவி. ரோட்கிங்குக்கு இடது பக்க ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மைசூர் ஒரிஜினல் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. கடையில ஜோடியாத்தான் தர்றாங்க. எனக்கு வலது பக்கம் வேண்டாம், நல்லாவே இருக்கு.